கமரன் வீட்டுக் கமரா

போன வருசம் நாங்கள் மூன்று பேர் காசு போட்டு ஒரு பழைய பிலிம் கமரா வாங்கினோம். மூன்று பேரும் கலைப்பீடம், ஒரே பட்ச். ஒருத்தர் மகாபொலக் காசில் மிச்சம் பிடித்தது, ஒருத்தர் ஓ/எல் பிள்ளைகளுக்கு ரியூஷன் குடுத்துச் சேர்த்தது, ஒருத்தருக்கு வெளிநாட்டில் இருக்கிற மாமா பிறந்தநாளுக்கு அனுப்பினது. கமரா கைக்கு வந்த அன்று அதைக் கன்டீன் மேசையில் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு ஒரு விரிவுரைக்கும் போகவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் ரோலில் 36 படம். ரயில் நிலையம், விடுதிக்குப் பின்னால் நிற்கும் மாமரம், பிளேன்டி ஊத்துகிற கன்டீன் அண்ணா, மழைக்குள் குடையில்லாமல் ஓடும் ஜூனியர்ஸ். ஒவ்வொரு படத்துக்கும் சண்டை பிடித்தோம். இதுக்குப்போய் ஒரு படத்தைச் செலவழிக்கலாமா என்பதுதான் எப்போதும் கேள்வி. எடுத்து முடித்த ரோலைக் கொழும்புக்குப் போன ஒரு நண்பனிடம் குடுத்துவிட்டு இரண்டு கிழமை காத்திருந்தோம். திரும்பி வந்தது வெறும் பட்டி. ஒரு கோடுகூட இல்லை. பிலிமின் நுனி உள்ளே தண்டில் பிடிபடவேயில்லையாம். 36 தரமும் நாங்கள் அமத்தினது காற்றுக்குத்தான். கழுவிக் குடுத்த அண்ணா போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இது வெளிச்சமே காணாத பிலிம்."

ஒரு ரோலுக்கும் அதைக் கழுவி ஸ்கான் பண்ணுவதற்கும் போகிற காசுக்கு எங்களில் ஒருவர் கன்டீனில் ஒரு கிழமைக்கு மேல் சாப்பிடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "உங்களுக்கென்ன விசரே? போனிலதானே கமரா இருக்கு?" நியாயமான கேள்வி. எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் அடுத்த கிழமையே இரண்டாவது ரோல் வாங்கிவிட்டோம்.

இந்த விசர் எங்களுக்கு மட்டும்தானா என்று பார்க்கத்தான் புகைப்பட வரலாற்றை வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்கையில் நன்றாகத் தெரிந்த ஒரு பெயரில் போய் முட்டினோம். ஏ/எல்லில் வரலாறு படித்த யாருக்கும் அந்தப் பெயர் மறக்காது. 1833 சீர்திருத்தம், கோல்புறூக்கும் கமரனும். ராஜகாரிய முறை ஒழிந்தது, சட்டநிரூபண சபை வந்தது, நாடு ஐந்து மாகாணங்களாகப் பிரிந்து ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது, நீதிமன்ற அமைப்பு மாறியது. நீதித்துறைப் பகுதியை எழுதியவர் சார்ள்ஸ் ஹே கமரன். ஐந்து புள்ளிக்குக் குறிப்பு எழுதி மறந்துபோன அந்த மனிதருக்கு ஒரு மனைவி இருந்தார். அவர்தான் ஜூலியா மார்கரெட் கமரன். 19ஆம் நூற்றாண்டின் புகைப்படக்காரர்களைப் பற்றிக் கதைத்தால் முதல் சில பெயர்களுக்குள் வந்துவிடுகிற பெண். அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. ஹட்டனில் பஸ் ஏறினால் போய்ப் பார்க்கலாம். இவ்வளவு காலமும் இது எங்களுக்குத் தெரியாது.

48 வயதில் ஒரு விளையாட்டுச் சாமான்

ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். தகப்பன் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி, தாய் பிரெஞ்சு வழி. 1836இல் உடம்பு தேறுவதற்காகத் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனபோது இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் அவரைவிட இருபது வயது மூத்த சார்ள்ஸ் கமரன். 1838இல் இருவரும் கல்கத்தாவில் கலியாணம் செய்தார்கள். மற்றவர் வானியலாளர் ஜோன் ஹேர்ஷல். கண்ணாடியிலும் தாளிலும் பதிந்த படத்தை அழியாமல் நிலைநிறுத்த 'ஹைப்போ' உதவும் என்று காட்டியவர் இவர். புகைப்படம் என்ற ஒன்று வந்திருக்கிறது என்பதை ஜூலியாவுக்குச் சொன்னவரும் இவர்தான்.

1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1860இல் வைற் தீவில் பிரெஷ்வோட்டர் என்ற ஊரில் இரண்டு வீடுகளை வாங்கி ஒன்றாக இணைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கவிஞர் டெனிசன். வீட்டுக்கு வைத்த பெயர் 'டிம்போலா'. இது ஆங்கிலப் பெயரல்ல. எங்கள் மலைநாட்டுத் திம்புலவில் அவர்களுக்கு இருந்த தோட்டத்தின் பெயர். இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு திரும்பி வருவோம்.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமரா பரிசளித்தார்கள். கணவர் அடிக்கடி இலங்கைத் தோட்டங்களைப் பார்க்கப் போய்விடுவார், பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், அம்மா தனிய இருக்கிறா, பொழுது போகட்டும் என்ற நினைப்புத்தான். அப்போது அவருக்கு 48 வயது. பரிசு குடுத்தவர்கள் என்ன நடக்கப்போகிறது என்று நினைத்திருக்கமாட்டார்கள். நிலக்கரி போடும் அறை இருட்டறையானது. கோழிக்கூடு கண்ணாடி போட்ட ஸ்ரூடியோ ஆனது. கோழிகளை வேறெங்கோ அனுப்பிவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

ஈரம் காயமுதல்

அந்தக் காலத்துப் படமெடுப்பு எப்படி என்று தெரிந்தால் எங்கள் வெறும் ரோலெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. அதை ஈரக் கொலோடியன் முறை என்பார்கள். முதலில் ஒரு கண்ணாடித் தட்டைத் தூசியில்லாமல் துடைக்கவேண்டும். ஈதரிலும் அற்ககோலிலும் கரைத்த கொலோடியன் என்ற பிசுபிசுத்த திரவத்தை அதில் ஊற்றி, நாலு மூலைக்கும் சமனாக ஓடவிட வேண்டும். பிறகு இருட்டறைக்குள் கொண்டுபோய் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்க்கவேண்டும். இப்போதுதான் தட்டு வெளிச்சத்தை உணரும். ஆனால் ஈரம் இருக்கும்வரைக்கும்தான். காய்ந்தால் சரி, எல்லாம் முடிந்தது. சில நிமிடத்துக்குள் கமராவில் போட்டு, படமெடுத்து, திரும்ப இருட்டறைக்கு ஓடி, கழுவி எடுக்கவேண்டும். பிறகு நெருப்பில் சூடாக்கி வார்னிஷ் பூசவேண்டும். சூடு கூடினால் கண்ணாடி வெடிக்கும். இதெல்லாம் முடிந்தால் கையில் இருப்பது ஒரு நெகட்டிவ் மட்டும். தாளில் அச்சடிக்க முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள் வேண்டும், அதற்கும் வெள்ளி வேண்டும், நிறம் எடுப்பதற்குத் தங்கக் குளோரைட்டு வேண்டும். பழைய போட்டோக்களில் உண்மையாகவே வெள்ளியும் தங்கமும் இருக்கின்றன. 'காசைத் தண்ணியா ஊத்துறது' என்று வீட்டில் ஏசுவார்களே, ஜூலியா அதை அப்படியே செய்தார்.

இதை அவருக்கு யாரும் முறையாகப் படிப்பிக்கவில்லை. 1874இல் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட சிறிய நினைவுக் குறிப்பொன்றில் தன் பிழைகளை அவரே சொல்லிச் சிரிக்கிறார். முதலில் படத்துக்கு இருத்தியவர் ஊரிலிருந்த ஒரு கமக்காரர். மணித்தியாலத்துக்கு அரைக் கிறவுண் என்று காசும் குடுத்திருக்கிறார். படம் வந்தது. வந்த படத்தின் ஈரப் பக்கத்தைக் கையால் தேய்த்து அவரே அழித்துவிட்டார். பிறகு இரண்டு பிள்ளைகளை வைத்து எடுத்தபோது, கடைசி நேரத்தில் ஒரு பிள்ளை சிரித்து எல்லாம் பாழ். அடுத்த முறை ஒரு பிள்ளையை மட்டும் இருத்தினார். பெயர் ஆனி. 1864 ஜனவரியில் அந்தப் படம் சரிவந்தது. சந்தோசத்தில் வீடு முழுக்க ஓடி அந்தப் பிள்ளைக்குக் குடுக்கப் பரிசு தேடினாராம். அன்றைக்கே அச்சடித்து, நிறமேற்றி, சட்டம் போட்டுப் பிள்ளையின் தகப்பனிடம் குடுத்துவிட்டார். கமரா கையில் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும்.

அந்த ஓட்டத்தை வாசித்தபோது நாங்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்தோம். எங்கள் இரண்டாவது ரோல் வந்த அன்று, 36இல் 11 படம் தெரிகிற மாதிரி இருந்தது. அதற்கே விடுதியில் கதவு கதவாகத் தட்டிக் காட்டியிருந்தோம்.

வீட்டுக்குள் நுழைந்த விசர்

பிறகு யாரையும் விடவில்லை. வேலைக்காரிகள், தபால் கொண்டுவருபவர்கள், விருந்தாளிகள், தெருவில் போகிறவர்கள் என்று முகம் பிடித்துவிட்டால் பிடித்து இருத்திவிடுவார். ஒரு படத்துக்குச் சில நிமிடம் அசையாமல் இருக்கவேண்டும். அசைந்தால் திரும்ப முதலிலிருந்து. ஈரத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கணவருக்குக் காட்டச் சாப்பாட்டறைக்கு ஓடி ஓடி, மேசை விரிப்பெல்லாம் வெள்ளி நைத்திரேற்றுக் கறை. அது போகாத கறை. இன்னொரு வீடாக இருந்திருந்தால் தன்னைக் கலைத்திருப்பார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஹேர்ஷலை 1867இல் படமெடுத்தபோது, நரைமுடி வெளிச்சத்தில் எழும்பித் தெரியவேண்டும் என்பதற்காக முதலில் தலையைக் கழுவச் சொன்னார் என்றொரு கதையும் உண்டு.

அந்த ஹேர்ஷலின் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவரின் முகம் மட்டும் வருகிறது. கண் ஈரமாக இருக்கிறது. அந்தக் காலத்து ஸ்ரூடியோப் படங்களில் ஆட்கள் தூணில் கை வைத்து, பின்னால் திரை தொங்க, தலை முதல் கால்வரை நிற்பார்கள். இவர் கமராவைக் கிட்டக் கொண்டுபோனார். கார்லைல், டெனிசன், டார்வின் என்று அன்றைய பெரிய தலைகளெல்லாம் அவருடைய கண்ணாடித் தட்டுக்குள் வந்தார்கள்.

புகைப்படச் சங்கத்துக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. போகஸ் இல்லை, தட்டில் கீறல், கைரேகை பதிந்திருக்கிறது, தொழில் தெரியாத பெண்ணின் வேலை என்றார்கள். அவர்கள் சொன்ன பிழைகள் எல்லாம் அங்கே இருந்தன, இப்போதும் பார்க்கலாம். தொடக்கத்தில் போகஸ் தவறியது தற்செயல்தான் என்று ஜூலியாவே ஒத்துக்கொள்கிறார். ஆனால் வில்லையைத் திருப்பிக்கொண்டு போகையில் ஒரு இடத்தில் முகம் அழகாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவாராம். மற்றவர்கள் மாதிரி இன்னும் கூராக்கிக்கொண்டு போகவில்லை. சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம், இன்றைய விக்ரோறியா அன்ட் அல்பேர்ட் மியூசியம், 1865இலேயே அவரிடம் படம் வாங்கியது. 1868இல் அங்கே இரண்டு அறைகளை ஸ்ரூடியோவாகப் பாவிக்கவும் விட்டது. பேர்லின் கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது. ஏறத்தாழ 15 வருசத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். பிழைவிட்டு உடைத்த தட்டுகள் இதில் சேராது.

இதுவரைக்கும் வாசித்தபோது எங்களுக்கு நல்ல உசாராகத்தான் இருந்தது. பிந்தித் தொடங்கலாம், பிழைவிடலாம், ஆட்கள் சிரிக்கட்டும் என்று. யாழ்ப்பாணத்து அம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்த மாதிரியும் இருந்தது.

பில் எங்கே போனது

எங்களில் ஒருத்தி நோர்வூட் பக்கம் தோட்டத்துப் பிள்ளை. 'டிம்போலா' என்ற பெயரில் நின்றது அவள்தான். "எல்லாம் சரி, இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாள்.

கோப்பியிலிருந்து வந்தது. சார்ள்ஸ் கமரன் ஆணைக்குழுவோடு இலங்கைக்கு வந்தபோதே இந்த நாட்டில் மனம் வைத்துவிட்டார். பிறகு மலைநாட்டில் பெரிய அளவில் காணி வாங்கினார். அவர் பங்கெடுத்த சீர்திருத்தங்கள் அரச ஏகபோகங்களை விலக்கித் தனியார் முதலுக்கு நாட்டைத் திறந்துவிட்டவை. ஏ/எல் குறிப்பில் 'பெருந்தோட்டப் பொருளாதாரத்துக்கு வழி வகுத்தது' என்று ஒரு வரி எழுதுவோமே, அந்த வழியில் நடந்தவர்களில் அதை வகுத்தவர்களில் ஒருவரும் இருந்தார்.

அந்தக் கோப்பியை ஆய்ந்தவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள். பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணி குடுத்த முற்பணத்தை வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள். கடலைத் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைவரை கால்நடை. வழியில் வாந்திபேதி, காய்ச்சல், பசி. கோப்பிக் காலத்தில் பலர் அறுவடைக்கு வந்து திரும்பிப் போகிறவர்களாக இருந்தார்கள். அதனால் ஒவ்வொரு வருசமும் அதே காடு. போய்ச் சேர்ந்தால் முற்பணக் கடன் கணக்கில் ஏறியிருக்கும்.

பிரெஷ்வோட்டரில் ஒரு கண்ணாடித் தட்டு உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். அந்த வசதிக்கு அடியில் இந்த நடை இருந்தது. ஜூலியாவுக்கு இது தெரியாமலும் இல்லை. வீட்டுப் பெயரே தோட்டத்தின் பெயர்தானே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கோப்பிக் காசு நிலையான காசாக இருக்கவில்லை. ஒரு வருசம் விளையும், ஒரு வருசம் விளையாது. குடும்பம் கடனோடுதான் இழுபட்டது. ஜூலியா படங்களுக்குப் பதிப்புரிமை பதிந்தார், லண்டனில் ஒரு கடை மூலம் விற்றார், இது எங்களுக்கு வருமானம் தரவேண்டும் என்று உண்மையாகவே முயன்றார். பணக்காரச் சீமாட்டியின் பொழுதுபோக்கு என்று ஒரே வரியில் தள்ளிவிட ஏலாது. 1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருசத்துக்குள் அந்தத் தொழிலே படுத்துவிட்டது. பிறகு மலையெல்லாம் தேயிலை.

களுத்துறையில் பெயரில்லாதவர்கள்

1875இல் கமரன் தம்பதியினர் இலங்கைக்கே வந்துவிட்டார்கள். மகன்மார் இங்கே இருந்தார்கள், சீவியச் செலவு குறைவு, சார்ள்ஸுக்கு இந்த நாடென்றால் உயிர். சாமானோடு இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அரசாங்க உத்தியோகத்திலிருந்த மகன் ஹார்டிஞ்சின் களுத்துறை வீட்டில் இருந்தார்கள்.

இங்கேயும் கமராவை விடவில்லை. 1877இல் மரியான் நோர்த் என்ற ஆங்கிலேயத் தாவர ஓவியர் களுத்துறைக்கு வந்தபோது, உச்சி வெயிலில் சால்வையால் போர்த்து, தென்னோலைக்கு நடுவில் நிறுத்தி, இயல்பாக நில்லுங்கள் என்று சொல்லிப் படமெடுத்திருக்கிறார். நோர்த் இதைத் தன் நூலில் பகிடியாக எழுதியிருக்கிறார். அவர் எழுதிய இன்னொரு விசயம்: ஒருவரின் முதுகு அழகாக இருக்கிறது என்பதற்காக, தோட்டமே இல்லாத வீட்டில் அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி ஜூலியா மகனிடம் நின்றாராம். சிரிப்பு வருகிற கதைதான். அந்த முதுகுக்கு உரியவரின் பெயர் கதையில் இல்லை.

இலங்கையில் அவர் எடுத்ததில் இன்றைக்கு எஞ்சியிருப்பது முப்பதுக்கும் குறைவான படங்கள். பெரும்பாலும் ஊரவர்கள், வேலையாட்கள். 1878இல் எடுத்த ஒன்றின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற கருத்தில் வரும். கீழே ஒரு குறிப்பு: பெண்பிள்ளைக்கு வயது 12, கிழவர் அவளின் தகப்பன் என்கிறார், தனக்கு வயது நூறு என்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார். இரண்டையும் எழுதியும் வைத்திருக்கிறார். பெயரை எழுதவில்லை.

அவர் எல்லா வேலையாட்களையும் இப்படித்தான் நடத்தினார் என்றால் அது வேறு கதை. இங்கிலாந்தில் அவர் வீட்டு வேலைக்காரி மேரி ஹிலியர், மாதாவாக நின்று நின்று ஊரில் 'மேரி மடோனா' என்றே பெயர் எடுத்தார். மேரி ரையன் என்பவர் தெருவில் பிச்சை எடுத்த அயர்லாந்துப் பெண்ணின் மகள். ஜூலியா வீட்டில் வளர்ந்தார். அவருடைய படத்தைக் கண்காட்சியில் பார்த்து விரும்பி ஹென்றி கொட்டன் என்ற இந்திய சிவில் சேவை இளைஞர் 1867இல் அவரைக் கலியாணம் செய்தார். அந்தக் கொட்டன் பிற்காலத்தில், 1904இல், இந்திய தேசிய காங்கிரசின் தலைவரானார். பெயர் இருந்தபடியால் இந்தக் கதையை நாங்கள் பின்தொடர முடிகிறது. களுத்துறைப் பிள்ளைக்கு 12 வயதோடு கதை நின்றுவிடுகிறது.

ஜூலியா கமரன் 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். அடுத்த வருசம் சார்ள்ஸும் போய்விட்டார். இருவரையும் பொகவந்தலாவை சென்ற் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

செக்ரோலும் படமும்

விடுமுறையில் மூன்றாவது ரோலோடு போனோம். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், பிறகு பொகவந்தலாவை. பஸ்ஸில் இடமில்லை, கமராப் பையை நெஞ்சில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். தேவாலயம் சின்னது. சுத்திவரத் தேயிலை. கல்லறைக்கு முன்னால் நின்றபோது என்ன நினைக்கவேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. போகஸ் பிழைத்த அந்த அம்மாவில் எங்களுக்குச் சரியான விருப்பம். அவருடைய வெள்ளிக்கும் தங்கத்துக்கும் யார் காசு குடுத்தது என்பதும் தெரியும். ஒன்று மற்றதை அழிக்கவில்லை. இரண்டு படம் எடுத்துவிட்டு வந்தோம்.

அன்று இரவு நோர்வூட்டில் நண்பியின் வீட்டில் தங்கினோம். லயத்து வீடு. அவளின் பாட்டி நாற்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். கமராவைக் கையில் வாங்கி, பாரமாக இருக்குது என்று சொல்லித் திருப்பித் தந்தார். அவருடைய அம்மாவின் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம்.

"ஏதும்மா படம்? எனக்கே அடையாள அட்டைக்கு எடுத்ததுதான் மொதோ படம். எங்கம்மா பேரு செக்ரோல்ல இருக்கும். படம் எங்க இருக்கு?"

வேலைக்கு வந்தவர்களின் பெயர் பதிகிற தோட்டத்துக் கணக்குப் புத்தகம்தான் செக்ரோல். களுத்துறையில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. இங்கே பெயர் இருக்கிறது, முகம் இல்லை. பாட்டிக்கு ஜூலியா கமரனைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை. அவர் எங்களுக்கு ரொட்டி சுடுவதில் மும்முரமாக இருந்தார்.

விடியற்காலை வாசலில் பனி விலகும்போது பாட்டியை ஒரு கதிரையில் இருத்தி ஐந்து படம் எடுத்தோம். அசையாமல் இருக்கச் சொன்னால் சிரித்தார். கிட்டப் போனோம். கமராவோடு அலைந்த இவ்வளவு நாளில், படமெடுக்கமுதல் எடுக்கப்படுகிறவரோடு இவ்வளவு நேரம் கதைத்தது அதுதான் முதல் தரம். முழுப் பெயர், பிறந்த தோட்டம், அம்மாவின் பெயர், அவரின் அம்மா எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று அவர் சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதினோம். அந்தப் பெயர்களை இங்கே போடவில்லை, அது அவர்களின் குடும்பத்துக்கு உரியது.

பொழுதுபோக்கு என்றால் காசு போகும், நேரம் போகும், வீட்டில் ஏச்சு விழும். முக்கால்வாசி தோல்வியாகத்தான் இருக்கும். 36க்கு 36உம் காற்றாகப் போன நாளும் வரும். அதற்காக வெட்கப்படத் தேவையில்லை என்று ஜூலியாவிடம் படித்தோம். அவர் அதில் உண்மையாக உழைத்தார், பிழைவிட்டு விட்டுத்தான் பார்க்கவே பழகினார். ஆனால் கணக்குப் பார்க்கிறபோது எங்கள் பொக்கெற்றோடு நிறுத்தக்கூடாது என்பது அந்த வீட்டுப் பெயரில் படித்தது. எங்கள் விசயத்திலும் அப்படித்தான். மகாபொலக் காசு ஊராரின் வரியிலும் லொத்தரிலும் வருகிறது. மாமா அங்கே இரண்டு வேலை செய்கிறார். ரியூஷன் காசு தருகிற அம்மாமார் என்ன வேலை செய்து அதைத் தருகிறார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இதற்காகக் கமராவை விற்கப்போவதில்லை. கண்டதுக்கெல்லாம் அமத்துகிறதை மட்டும் குறைத்திருக்கிறோம். யாரை எடுத்தாலும் பெயரைக் கேட்டு எழுதுகிறோம். ஒரு பிரதி அவர்களுக்குப் போகவேண்டும் என்பது மூன்று பேரும் போட்ட சட்டம். அதனால் செலவு இன்னும் கூடிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

மூன்றாவது ரோல் வந்தது. பாட்டியின் ஐந்து படத்தில் ஒன்றுதான் தேறியது. அதுவும் போகஸ் கொஞ்சம் தவறி, முகத்தைவிடக் காதுத் தோடுதான் கூராக விழுந்திருக்கிறது. பெரிதாக அச்சடித்து, பின்பக்கம் பெயரும் இடமும் திகதியும் எழுதி அனுப்பினோம். "என்னா கெழவி இது?" என்று சிரித்தாராம். இப்போது அது அடையாள அட்டை இருக்கிற தகரப் பெட்டிக்குள் இருக்கிறது என்று நண்பி சொன்னாள்.

கமராவில் நாலாவது ரோல் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ரீவைண்ட் குமிழ் சுத்துகிறதா என்று முதலில் பார்க்கிறோம். இதுவரைக்கும் சுத்துது.